கொழுந்து போகும் வழியில்: நீலகிரியில் வணிகம் படிப்போர் தொழில் அறிமுகங்களைத் தேடிக்கொள்ளும் முறை

நீலகிரியில் பி.காம். அல்லது பி.பி.ஏ. வகுப்பில் சேரும் மாணவர் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் பேச்சு ஒன்று உண்டு. "இந்த மலையில் என்ன கம்பெனி இருக்கிறது? படித்து முடித்தால் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ இறங்கித்தான் ஆகவேண்டும்" என்பார்கள். இறங்க வேண்டியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது உண்மையல்ல. ஒரு சரக்கு விளையும் இடம், அது பக்குவமாகும் இடம், அதற்கு விலை வைக்கும் இடம், அதை வாங்குவோரின் அலுவலகம் ஆகிய அனைத்தும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடும் மாவட்டங்கள் குறைவு. பெருநகரத்துக் கல்லூரி மாணவர் பாடநூல் படத்தில் மட்டும் பார்க்கும் வணிகச் சங்கிலியை இங்கே படிப்பவர் நடந்தே பார்க்கலாம். இந்த வசதியை மூன்றாண்டுப் படிப்புக்குள் எவ்வாறு பயன்படுத்திக்கொள்வது என்பதை, இதே மலையில் படித்துப் பல தவறுகளைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு சரக்கைத் தேர்ந்தெடுத்தல்

"எனக்கு மார்க்கெட்டிங்கில் ஆர்வம்", "நான் பைனான்ஸ் பக்கம் போக நினைக்கிறேன்" என்று முதலாண்டிலேயே சொல்லிக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. அவை பாடத்தின் பெயர்கள், வேலையின் பெயர்கள் அல்ல. அதற்குப் பதிலாக ஒரு சரக்கையோ சேவையையோ தேர்ந்தெடுத்து, அது தொடங்கும் இடத்திலிருந்து பணமாகும் இடம் வரை பின்தொடர முடிவு செய்யுங்கள். குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கத்தவர்களுக்குத் தேயிலை இயல்பாக அமையும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பகுதியினர் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொள்ளலாம். கூடலூர், பந்தலூர் மாணவர்கள் ஐம்பது கிலோமீட்டரும் அதற்கு மேலும் பயணம் செய்து ஊட்டிக்கு வந்துதான் தொழிலைப் பார்க்கவேண்டும் என்பதில்லை. காப்பியும் மிளகும் ஏலக்காயும் வாங்கும் வியாபாரிகள் அவர்கள் ஊர்க் கடைவீதியிலேயே இருக்கிறார்கள். ஊட்டி நகரத்தவர்களுக்கு விடுதித் தொழிலும் சாக்லேட், வர்க்கி, தைலக் கடைகளும் உள்ளன.

தேயிலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஒரு வணிகப் பட்டப்படிப்பின் பெரும்பாலான பாடங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. சிறு விவசாயி பறித்த கொழுந்தை ஏஜெண்டு எடை போட்டு வாங்கி பேக்டரிக்கு அனுப்புகிறார், அல்லது விவசாயி தானே கூட்டுறவு பேக்டரிக்குக் கொடுக்கிறார். அத்தகைய கூட்டுறவு பேக்டரிகளின் தலைமை இணையமான இன்கோசர்வ் குன்னூரில் உள்ளது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நான்கு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலை தேவைப்படும். பேக்டரி தூளைத் தரம் பிரித்து மூட்டையாக்கி ஏலத்துக்கு அனுப்புகிறது. ஏலத்துக்கு முன் புரோக்கர் நிறுவனத்தில் மாதிரிகளைச் சுவைத்து மதிப்பிட்டு, கேட்லாக் எனும் ஏலப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். குன்னூர் ஏலம் வழக்கமாக வியாழன், வெள்ளிக் கிழமைகளில் மின்னணு முறையில் நடைபெறுகிறது. வாங்குவோர் தத்தம் கணினியில் விலை கேட்கிறார்கள். அந்த விலைகளின் சராசரியை வைத்தே தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு விலை அறிவிக்கிறது. அதாவது, கணினித் திரையில் ஏறி இறங்கும் எண், மறுமாதம் ஓர் ஊரின் மளிகைக் கடன் பேரேட்டில் தெரியும்.

இப்போது ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். கொழுந்து கிலோ 20 ரூபாய், நாலேகால் கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்றால் கொழுந்துச் செலவு மட்டும் 85 ரூபாய். அந்தத் தூள் ஏலத்தில் 110 ரூபாய்க்குப் போனால் நடுவிலுள்ள 25 ரூபாயில் விறகு, மின்சாரம், கூலி, சாக்கு, லாரி வாடகை, புரோக்கர் கமிஷன், வங்கி வட்டி அனைத்தும் அடங்க வேண்டும். இந்த 25 ரூபாய் எப்படிப் பிரிகிறது என்று கேட்டுக்கொண்டு ஒரு பேக்டரி அலுவலகத்துக்குள் நுழையும் மாணவரிடம் பேச யாரும் தயங்கமாட்டார்கள். அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் ஓராண்டு படிப்பதை ஒரு பிற்பகலில் புரிய வைக்கும் கேள்வி அது.

கேரட்டும் இளைத்ததல்ல. பாலாடா பகுதியில் இயந்திரத்தில் கழுவப்பட்டு, லாரியேறி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் அந்தச் சரக்குக்குச் சேமிப்புக் கிடங்கு கிடையாது என்றே சொல்லவேண்டும். அன்றைய வரத்தே அன்றைய விலை. தேவை, அளிப்பு என்ற பாடத்தை அதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் நடத்திவிட முடியாது.

இரண்டாவது: போகவேண்டிய நாளை அறிந்து போதல்

என் முதல் தவறு இங்கேதான் நிகழ்ந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை காலை, பயோடேட்டாவும் சான்றிதழ் நகல்களும் அடங்கிய பிளாஸ்டிக் உறையுடன் ஒரு தேயிலை நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்" என்றேன். ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். உறையை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள், வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். மூன்று வாரங்கள் கழித்து வேறோர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை பிற்பகலில் போய், கேட்லாக்கில் ஒரே பேக்டரியின் இரண்டு தரங்களுக்கு நடுவே விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்டபோது, நாற்பது நிமிடம் உட்கார வைத்துப் பேசினார்கள். தேநீரும் கிடைத்தது. ஆளும் அதே ஆள், பயோடேட்டாவும் அதே பயோடேட்டா. நாளும் கேள்வியும் மட்டுமே வேறு.

எனவே ஒவ்வொரு தொழிலுக்கும் நெருக்கடியான நாட்களையும் ஓய்வான நாட்களையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உறைபனியால் கொழுந்து வரத்துக் குறையும்போது பேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்குப் பேசுவதற்கு நேரம் இருக்கும். ஏப்ரல், மே சீசனில் விடுதி மேலாளரிடம் அறிவுரை கேட்கப் போவது அவருக்கும் தொல்லை, உங்களுக்கும் ஏமாற்றம். ஜூலை மழையில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது போனால் அவரே சீசனைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். மே மாதத்தில் அங்கே போகவேண்டுமானால் கேள்வி கேட்பவராகப் போகாமல், வரவேற்பு மேசையிலோ கணக்குப் பிரிவிலோ தற்காலிக உதவியாளராகப் போங்கள். ஆடிட்டர் ஆபீசுக்கு மாதத்தின் 11, 20 ஆகிய ஜிஎஸ்டி தேதிகளை ஒட்டியும், வருமான வரிப் படிவங்களுக்கான ஜூலை 31, தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30 ஆகிய கெடுக்களை ஒட்டியும் போகாதீர்கள். வங்கி மேலாளரை மார்ச் மாதக் கடைசியில் பார்க்க நினைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கல்லூரித் துறைத்தலைவரின் கையெழுத்திட்ட ஒரு பக்க அறிமுகக் கடிதத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள். மாணவியர் இருவராகச் செல்வதும், அலுவலக நேரத்துக்குள் செல்வதும், எங்கே செல்கிறோம் என்பதை வீட்டிலும் துறையிலும் தெரிவித்துவிட்டுச் செல்வதும் நல்லது. எஸ்டேட் சாலைகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் பேருந்தும் குறைவு, காட்டெருமையும் நிற்கும்.

மூன்றாவது: கேட்கும் முறை

நேரில் போவதற்கு முன் ஒரு சிறு செய்தி அனுப்புவது மரியாதை. அதில் வேலை கேட்காதீர்கள். இருபது நிமிட நேரமும் ஒரே ஒரு விளக்கமும் கேளுங்கள். வேலை கேட்டால் இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டில் ஒரு பதிலோடு பேச்சு முடிந்துவிடும். விளக்கம் கேட்டால் பேச்சு தொடங்கும். மாதிரிக்கு ஒன்று தருகிறேன்:

"வணக்கம் சார். நான் குன்னூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டிலும் அரை ஏக்கர் தேயிலை உண்டு. பேக்டரிக்குக் கொழுந்து கொடுத்த பிறகு விலை எப்படி முடிவாகிறது என்பதைப் பற்றி ஒரு சிறு திட்டக்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடந்த எட்டு வார ஏலச் சராசரிகளைத் தொகுத்திருக்கிறேன். அவற்றில் ஓர் ஐயம் உள்ளது. ஏலமில்லாத நாளில் தங்களுக்கு வசதியான நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்க இயலுமா? கல்லூரிக் கடிதத்துடன் வருகிறேன்."

இச்செய்தியில் மூன்று காரியங்கள் நடப்பதைக் கவனியுங்கள். எழுதியவர் யார் என்பது தெரிகிறது. அவர் ஏற்கெனவே கொஞ்சம் உழைத்திருக்கிறார் என்பது தெரிகிறது. கேட்கப்படுவது சிறியது என்பதும் தெரிகிறது. லிங்க்டின் வழியாக எழுதினாலும் இதே அளவு போதும். இணையத்தில் எடுத்த ஆங்கில மாதிரியை அப்படியே ஒட்டி, "தங்கள் மதிப்புமிக்க நிறுவனம்" என்று பத்துப் பேருக்கு ஒரே நாளில் அனுப்பினால், பெறுபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

நேரில் என்ன கேட்பது என்பது அடுத்த கவலை. "உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்கு மேடைப் பதில்தான் வரும். நேற்று காலை அலுவலகம் வந்ததும் முதலில் எந்தக் காகிதத்தைப் பார்த்தீர்கள்? இந்த வேலையில் புதிதாகச் சேருபவர் முதல் ஆறு மாதத்தில் செய்யும் தவறு எது? கணினியில் எந்த மென்பொருளில் பதிகிறீர்கள்: டேலியா, வேறொன்றா? எந்த மாதத்தில் வீட்டுக்குத் தாமதமாகப் போவீர்கள்? இத்தகைய கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களில்தான் ஒரு வேலையின் உண்மையான நிறம் தெரியும். விடைபெறும்போது கேட்கவேண்டியது ஒன்று உண்டு: "இதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள நான் வேறு யாரைப் பார்க்கலாம்?" ஒரு பேக்டரி கணக்காளர் ஒரு புரோக்கர் அலுவலகத்தின் பெயரைச் சொல்வார், அங்கே இருப்பவர் ஒரு கிடங்கு மேலாளரைச் சொல்வார். இப்படித்தான் சங்கிலியின் அடுத்த கண்ணிக்கு நீங்கள் அழைத்துச் செல்லப்படுகிறீர்கள்.

அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்: தேதி, யாரைப் பார்த்தீர்கள், அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது, அவருக்குச் சலிப்பூட்டுவது எது, யாரைப் பார்க்கச் சொன்னார். சந்தித்த இரண்டாம் நாள் நன்றி தெரிவித்து ஒரு வரி அனுப்புங்கள். திட்டக்கட்டுரை முடிந்ததும் அதன் இரண்டு பக்கச் சுருக்கத்தை அவருக்குக் கொடுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யும் மாணவர்கள் மிகக் குறைவு என்பதாலேயே, செய்பவரை நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பல சிறு நிறுவனங்களில் கடந்த ஆண்டுகளின் விவரங்கள் பேரேடுகளில் கிடக்கின்றனவே தவிர, யாரும் அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில்லை. ஊட்டியில் 2024 மே மாதம் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்த பிறகு ஒரு சிறு விடுதியின் வார நாள், வார இறுதி முன்பதிவுகள் எப்படி மாறின என்று உரிமையாளரின் அனுமதியோடு அட்டவணை போட்டுத் தருவது, உங்களுக்கு ஒரு திட்டக்கட்டுரை, அவருக்கு ஒரு பயனுள்ள காகிதம். ஒரு நிறுவனத்தின் கணக்கை வேறொரு நிறுவனத்தில் சொல்லாதிருப்பது இதில் அடிப்படை ஒழுக்கம். மலையில் செய்தி சாலையைவிட வேகமாகப் போகும்.

எட்டத்து அறிமுகங்களின் மதிப்பு

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று விசாரித்திருந்தார். அடிக்கடி சந்தித்தவர் மூலம் வேலை பெற்றோர் ஏறத்தாழ 17 சதவீதமே. எப்போதாவது சந்தித்தவர் மூலம் பெற்றோர் பாதிக்கும் சற்று மேல். மிக அரிதாகச் சந்தித்தவர் மூலம் பெற்றோர் 28 சதவீதத்தை ஒட்டி. காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி எட்டத்திலிருப்பவரிடமிருந்துதான் வரும்.

நம் மலை வாழ்க்கைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. படுகர் ஊர்களான ஹட்டிகளிலும், எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலும், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளிலும் உறவும் ஒற்றுமையும் மிகுதி. ஓர் ஆபத்து என்றால் ஊரே வந்து நிற்கும். ஆனால் கோவையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி அங்கே பெரும்பாலும் வந்து சேராது. ஆகவே ஊருக்கு வெளியே, சாதிக்கும் மொழிக்கும் அப்பால், ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் பேசக்கூடிய பதினைந்து இருபது பேரை மூன்று ஆண்டுகளில் சேர்த்துக்கொள்வதை இலக்காக வையுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர்களுக்கு இது மேலும் அவசியம். வழி சொல்ல வீட்டில் ஆளில்லாத குறையை இவர்களே ஓரளவு தீர்ப்பார்கள்.

அவர்களைக் காணும் இடங்களும் உண்டு. 1893-ல் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் தலைமையகம் குன்னூரில் உள்ளது. அதன் ஆண்டு மாநாட்டையொட்டி நடக்கும் கண்காட்சிக்கு இயந்திரம், உரம், பேக்கிங் நிறுவனங்கள் வரும். கோவை கொடிசியா வளாகத்துக் கண்காட்சிகளுக்கு ஒரு நாள் பயணமாகப் போய்வரலாம். அங்கே விசிட்டிங் கார்டுகளை அள்ளிக்கொண்டு வருவதில் பயனில்லை. மூன்று கடைகளில் மட்டும் நின்று, அவர்கள் நீலகிரியில் யாருக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களும் கோவை, திருப்பூர், பெங்களூரில் நிறைய இருக்கிறார்கள். ஊருக்கு வந்திருக்கும் சீனியர் அக்காவையோ அண்ணனையோ பண்டிகை நாளில் பார்த்து அரை மணி நேரம் பேசுவதற்கு எந்தக் கடிதமும் தேவையில்லை.

நான்காவது: பயிற்சி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்கள் கல்லூரி வழியாகவே வருகின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டும் முடிக்காமல், நீங்கள் பின்தொடரும் சரக்குக்குப் பயன்படும் ஒன்றைக் கவனமாக முடியுங்கள். கோடை விடுமுறையில் நான்கு வாரம் ஆடிட்டர் ஆபீசிலோ பேக்டரி அலுவலகத்திலோ உட்காருவதற்கு, ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துச் சுருக்கம் கொடுத்த இடத்தையே முதலில் கேளுங்கள். சம்பளம் பெரிதாக இராது. பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கிடைக்குமா என்று தயங்காமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வவுச்சர் கோப்பதை இழிவாக நினைக்காதீர்கள்; எந்தச் செலவுக்கு யார் கையெழுத்திடுகிறார் என்பதைப் பார்த்தாலே ஒரு நிறுவனத்தின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பட்டம் பெற்ற பின், தேசியப் பயிற்சித் திட்டமான நாட்ஸ் வழியாக ஓராண்டு தொழிற்பயிற்சி பெறலாம். அதில் குறைந்தபட்ச உதவித்தொகையின் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்வதால், சிறு நிறுவனங்களும் ஆள் எடுக்கத் துணிகின்றன. இதை நிறுவனத்தாரிடம் நீங்களே எடுத்துச் சொல்லவேண்டிய நிலை வரலாம்.

ஐந்தாவது: திசையை முடிவு செய்தல்

நான்காம் பருவம் முடியும்போது நோட்டை எடுத்துப் படியுங்கள். எந்தச் சந்திப்புகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எவற்றை நான்கு வரியில் முடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மனம் போன திசை அங்கே தெரியும். கணக்கு சரியாகப் பொருந்தி வருவதில் மகிழ்ச்சி கண்டவருக்கு சி.ஏ. பாதை: வணிகப் பட்டதாரி 55 சதவீத மதிப்பெண் பெற்றிருந்தால் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குப் போகலாம், 2023-ல் வந்த புதிய முறைப்படி ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டுகள். பேரம், விலை, வாடிக்கையாளர் என்று எழுதியவர், கொள்முதலிலோ விற்பனையிலோ இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு டான்செட் அல்லது கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.பி.ஏ. போவது, உடனே போவதைவிட நல்லது என்பது என் கருத்து. தோட்டத் தொழிலிலேயே நிற்க விரும்புவோருக்குப் பெங்களூரில் இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் உள்ளது. சொந்தத் தொழில் நினைப்பவர் ஊட்டியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய்வரவேண்டும். அரசுத் தேர்வுகளையும் வங்கித் தேர்வுகளையும் நாடுவோருக்கு ஒரு எச்சரிக்கை: அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையானாலும் வங்கியானாலும் அங்கே அறிவிக்கையும் தேர்வும்தான் வழி; "எனக்குத் தெரிந்தவர் உள்ளே இருக்கிறார், பணம் கொடுத்தால் முடித்துத் தருவார்" என்று வருபவரின் அறிமுகம் உங்களுக்குத் தேவையில்லாத அறிமுகம்.

முடிவு எதுவானாலும், அதை நீங்கள் சந்தித்தவர்களில் மூவரிடம் சொல்லி, அதில் உள்ள ஓட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். பாராட்டுபவரைவிட முகம் சுளிப்பவரிடம் அதிக நேரம் உட்காருங்கள். அவர் சுளித்ததற்கான காரணத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அது சரியா தவறா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கீழே இறங்கும் நாளுக்கு

இந்த அறிமுகங்களில் ஒன்று என்றாவது ஒரு நாள், "திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோவை அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்" என்ற அழைப்பாக மாறும். அப்போது முதல் பேருந்தை நம்பி இருக்கவேண்டாம். மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் விழுந்தாலே இரண்டு மணி நேரம் போய்விடும். கோத்தகிரி வழியாகச் சுற்றினாலும் எல்லா வண்டிகளும் அங்கேதான் வந்து நிற்கும். ஞாயிறு மாலையே இறங்கி, உறவினர் வீட்டிலோ, பண்டிகை நாளில் பேசிய அந்த சீனியரின் அறையிலோ தங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பையில் வைத்துவிட்டு, நோட்டை மேலே வையுங்கள், நேர்முகத் தேர்வில் "உங்களுக்கு எங்கள் தொழிலைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கும்போது, முந்தைய இரவு புரட்டிய அந்தப் பக்கங்களிலிருந்துதான் உங்கள் பதில் வரும்.